குடியை நிறுத்திய மூன்றாம் நாள்

குடியால் கெட்ட குடும்பங்களைப் பற்றி நாம் நிறையக் கேட்டிருக்கிறோம். மேடையில் கேட்டிருக்கிறோம், கோயில் திருவிழாவில் கேட்டிருக்கிறோம், நாடகங்களில் பார்த்தும் இருக்கிறோம். திருக்குறளில் கள்ளுண்ணாமைக்கென்று ஓர் அதிகாரமே இருக்கிறது. எங்கள் தோட்டப் பள்ளியில் அதிலிருந்து இரண்டு குறளாவது ஒப்பிக்கத் தெரியாத பிள்ளை கிடையாது. ஆகவே குடி கெடுதல் என்பதை நான் புதிதாகச் சொல்லப் போவதில்லை. குடிப்பவருக்கே அது தெரியும். நம்மில் பலருக்குத் தெரியாதது வேறொன்று. குடியையோ போதைப்பொருளையோ விட்டுவிட வேண்டும் என்று ஒருவர் முடிவு செய்த பிறகு அவருடைய உடம்பில் என்ன நடக்கிறது, வீட்டில் இருப்பவர்கள் அப்போது என்ன செய்ய வேண்டும், எங்கே போக வேண்டும் என்பதுதான் அது. இது தெரியாத காரணத்தால், குடித்துக் கொண்டிருந்தபோது உயிரோடு இருந்தவர் குடியை விட்ட வாரத்தில் இறந்து போவதும் உண்டு.

பொதுவாகப் பேசினால் எதுவும் மனத்தில் நிற்காது. ஆகவே ஓர் ஊரை வைத்துக் கொண்டு பேசுவோம். கெடா மாநிலத்தின் சுங்கை பட்டாணியை எடுத்துக் கொள்கிறேன். சுற்றிலும் ரப்பர்த் தோட்டங்களும், நடுவில் ஒரு மணிக்கூண்டும், புகைவண்டி நிலையமும், சில வரிசைக் கடைகளுமாக இருந்த ஊர் அது. இன்று மாநிலத்திலேயே மக்கள் மிகுந்த நகரமாகிவிட்டது. பால்மரங்கள் நின்ற இடங்களில் தொழிற்சாலைகளும் தாமான் வீடுகளும் பேரங்காடிகளும் நிற்கின்றன. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் போனபோது, நம் மக்கள் மூட்டை முடிச்சுகளோடு பட்டணத்து மலிவு வீடுகளுக்குப் போனார்கள். இன்னும் தோட்டத்தில் இருப்பவர்களின் பிள்ளைகளும் காலையில் பேருந்து ஏறி அங்கேதான் வேலைக்குப் போகிறார்கள். நான் சொல்லப் போகும் செய்திகள் கூலிமுக்கும் தைப்பிங்குக்கும் கிள்ளானுக்கும்கூடப் பொருந்தும். ஆனால் சுங்கை பட்டாணி வட்டாரத்தைத் தேர்ந்தெடுக்க எனக்கு ஒரு காரணம் இருக்கிறது.

நம் நாட்டில் தோட்டப் பாட்டாளிகள் குடியை எதிர்த்து எழுந்த வரலாற்றில் இந்த வட்டாரத்துக்குத் தனி இடம் உண்டு. அந்த நாளில் தோட்டந்தோறும் கள்ளுக்கடை இருந்தது. சம்பளப் பணத்தில் ஒரு பங்கு அங்கேயே திரும்பிப் போய்விடும். 1941இல் கிள்ளான் வட்டாரத்தில் தோட்டத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தபோது, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் அவர்களுடைய கோரிக்கைகளில் ஒன்று. கூலி உயர்வு கேட்டவர்களே அந்தக் கூலி எங்கே போகிறது என்பதையும் யோசித்திருக்கிறார்கள் பாருங்கள்! போர் முடிந்தபின், 1946, 1947ஆம் ஆண்டுகளில், கெடாவின் தோட்டங்களில் தொண்டர் படை என்ற அமைப்பு பரவியது. பீடோங்கை அடுத்த ஹார்வார்ட் தோட்டத்து ஏ. எம். சாமி அதன் தலைவராக இருந்தார். இந்திய தேசிய ராணுவத்தில் பயிற்சி பெற்றுத் திரும்பிய இளைஞர்கள் பலர் அதில் சேர்ந்திருந்தார்கள். அவர்கள் கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தார்கள். குடித்துவிட்டு வருபவர்களைக் கண்டித்தார்கள், தண்டிக்கவும் செய்தார்கள். 1947இன் தொடக்கத்தில் பீடோங் கள்ளுக்கடை மறியலில் போலீசாருடன் மோதல் உண்டாகி, ஒரு தொழிலாளியின் உயிரும் போயிற்று.

அவர்களை நினைத்தால் எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். கடையை மூடுவது ஒரு வேலை. குடிநோயைக் குணமாக்குவது இன்னொரு வேலை. முதல் வேலைக்குக் கூட்டமும் கட்டுப்பாடும் துணிவும் போதும். இரண்டாவது வேலைக்கு மருந்தும் மருத்துவரும் நீண்ட நாள் பொறுமையும் வேண்டும். நாம் இன்றுவரை முதல் வேலையின் முறையையே இரண்டாவதற்கும் பயன்படுத்திக் கொண்டிருக்கிறோம். திட்டுகிறோம், அவமானப்படுத்துகிறோம், அறையில் போட்டுப் பூட்டுகிறோம், கற்பூரம் அணைத்துச் சத்தியம் வாங்குகிறோம்.

கள்ளின் காலம் போய்ச் சம்சுவின் காலம் வந்ததை மூத்தவர்கள் கண்ணால் கண்டிருப்பீர்கள். கள்ளுக்குத் தன்னாலேயே ஒரு கட்டுப்பாடு இருந்தது. காலையில் இறக்கிய கள் மாலைக்குள் புளிக்கும், மறுநாள் வாயில் வைக்க முடியாது. கடைக்குத் திறக்கும் நேரமும் மூடும் நேரமும் உண்டு. குடிக்கப் போகிறவனை லயத்தில் பத்துப் பேர் பார்ப்பார்கள். சம்சு அப்படியல்ல. அதன் போதை கள்ளைவிடப் பல மடங்கு. போத்தலில் எத்தனை நாளானாலும் கெடாது. சட்டைப்பையில் அடங்கும் சின்னப் போத்தலில், சில வெள்ளிக்கு மளிகைக் கடையிலேயே கிடைத்தது. பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் இதை எதிர்த்துப் பல்லாண்டுகள் குரல் கொடுத்து வந்திருக்கிறது. 2017 டிசம்பர் முதல், 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மதுபானம் விற்கக்கூடாது என்றும், இத்தகைய மலிவு மதுவை 700 மில்லிலிட்டருக்குக் குறையாத கண்ணாடிப் போத்தலில்தான் அடைக்க வேண்டும் என்றும் விதி வந்தது. நல்ல விதிதான். ஆனால் பட்டணத்தில் யார் எந்தக் கடைக்குப் போகிறார்கள் என்று பார்க்கும் பத்துப் பேர் இல்லை. அடுத்த வீட்டுக்காரரின் பெயரே தெரியாத இடத்தில் யார் யாரைக் கேட்பது?

கள்ளத்தனமாக விற்கும் மதுவைப் பற்றி ஒரு சொல். 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் தலைநகரிலும் கலப்பட மது குடித்துப் பலர் மாண்டார்கள். அதில் கலந்திருந்தது மெத்தனால் என்னும் சாராயம். தொழிற்சாலைகளில் பயன்படும் இது நிறத்திலும் வாசத்திலும் சாதாரண மதுவைப் போலவேதான் இருக்கும். உடம்புக்குள் போனபின் நச்சு அமிலமாக மாறிக் கண்ணையும் மூளையையும் தாக்கும். உடனே ஒன்றும் தெரியாது. அரை நாளோ ஒரு நாளோ கழித்து வாந்தி, வயிற்றுவலி, கண் மங்கல், மூச்சிரைப்பு என்று தொடங்கும். “ராத்திரி குடித்தது தெளியவில்லை, தூங்கட்டும்” என்று விட்டுவிடாதீர்கள். கண் மங்குகிறது என்று அவர் சொன்னால் அந்த நிமிடமே மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.

இனி நோயைப் பற்றிப் பார்ப்போம். புதிதாகக் குடிப்பவனுக்கு ஒரு குவளையில் தலை சுற்றும். சில மாதங்களில் அதே ஒரு குவளை ஒன்றும் செய்யாது, மூன்று வேண்டும். தோட்டத்தில் இதைப் புகழ்ச்சியாகச் சொல்வார்கள்: “எவ்வளவு ஊற்றினாலும் ஆள் ஆடமாட்டான், தாங்குவான்.” நேயர்களே, அந்தத் தாங்குதல்தான் நோயின் முதல் அடையாளம். மதுவானது மூளையை மந்தப்படுத்தும் பொருள். நாள்தோறும் அது வந்து அழுத்துவதால், மூளை தன்னைச் சமாளித்துக் கொள்ள எதிர்ப்பக்கமாகத் தள்ளத் தொடங்குகிறது. சாயும் கதவை ஒருவன் தோளால் முட்டிக் கொண்டு நிற்கிறான் என்று வைத்துக் கொள்ளுங்கள். வெளியிலிருந்து அழுத்தும் பாரத்தைத் திடீரென்று எடுத்துவிட்டால் முட்டிக் கொண்டிருந்தவன் என்ன ஆவான்? தலைகுப்புற விழுவான் அல்லவா? மதுவைத் திடீரென்று நிறுத்தும்போது மூளைக்கு நேர்வதும் அதுதான்.

இதன் சின்ன வடிவத்தை நாம் காலையில் பார்க்கலாம். விடியுமுன் பால்மரம் சீவப் போகிறவர், கத்தியைப் பிடிக்க முடியாமல் கை நடுங்குகிறார். ஒரு வாய் ஊற்றிக் கொண்டால் கை நின்றுவிடுகிறது. அவர் அதை ஆசைக்காகக் குடிக்கவில்லை; நடுக்கத்தை நிறுத்தக் குடிக்கிறார். இந்த நிலைக்கு வந்துவிட்டவரைச் சோம்பேறி என்றும் மானங்கெட்டவன் என்றும் பேசிப் பயனில்லை. அவருடைய மூளை மதுவோடு ஒப்பந்தம் போட்டுவிட்டது.

இப்படிப்பட்டவர் ஒரு நாள் மனம் திருந்துகிறார். மகளுக்குக் கல்யாணம் வருகிறது, அல்லது தைப்பூசத்துக்குக் காவடி எடுக்க மாலை போடுகிறார். அன்றோடு ஒரு சொட்டுகூடத் தொடுவதில்லை. குடும்பத்தில் எல்லாருக்கும் மகிழ்ச்சி. நான் கவலைப்படச் சொல்வது இந்த நேரத்தில்தான்.

முதல் நாள் கை நடுங்கும், வியர்க்கும், நெஞ்சு படபடக்கும், தூக்கம் வராது, சாப்பாடு இறங்காது. இரண்டு நாட்களுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இதுவரை வலிப்பே வராதவருக்கும் வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள்வரை இன்னும் கடுமையான ஒரு நிலை சிலருக்கு உண்டாகும். நேரம், இடம் தெரியாது. சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், செத்துப் போன அப்பா கூப்பிடுகிறார் என்பார், பெற்ற பிள்ளையையே யாரென்று கேட்பார். உடம்பு கொதிக்கும், கட்டிலில் நிற்காமல் எழுந்து ஓடுவார். மருத்துவர்கள் இதை டெலிரியம் ட்ரெமன்ஸ் என்கிறார்கள். சிகிச்சை இல்லாவிட்டால் உயிருக்கே ஆபத்து. ஆனால் நம் வீடுகளில் என்ன நினைப்போம்? காத்து கருப்பு அடித்துவிட்டது, மாலை போட்டதில் ஏதோ குறை, முனி பிடித்துவிட்டது என்போம். பூசாரியை அழைத்து வேப்பிலை அடித்து, கை காலைக் கட்டி வைப்போம். அல்லது பயந்து போய், “குடியை விட்டதால்தான் இப்படி, கொஞ்சம் கொடு” என்று மறுபடி ஊற்றிவிடுவோம். ஒரு வழியில் உயிர் போகலாம், மற்ற வழியில் முயற்சி போகும்.

விரதத்தை நான் குறை சொல்லவில்லை. சாமிக்குப் பயந்து நாற்பத்தெட்டு நாள் குடிக்காமல் இருந்தவர்கள் ஏராளம். அந்தக் கட்டுப்பாடு வேறெதிலும் கிடைக்காது. நான் சொல்வதெல்லாம், தினமும் குடிப்பவர் மாலை போடுவதற்கு முன் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பதே. காலையிலேயே குடித்தால்தான் கை நிற்கும் என்பவர், முன்பு ஒரு முறை நிறுத்தியபோது வலிப்பு வந்தவர், ஈரல் நோயோ இருதய நோயோ உள்ளவர், வயதானவர், இவர்கள் யாரும் வீட்டில் தாங்களாகவே நிறுத்தக்கூடாது. மருத்துவமனையில் நரம்பை அமைதிப்படுத்தும் மருந்தைக் கொடுத்து, அதைச் சில நாட்களில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். கதவில் முட்டிக் கொண்டிருப்பவனை மெல்லப் பின்வாங்கச் செய்வது போலத்தான். கூடவே வைட்டமின் பி1 ஊசியும் போடுவார்கள். நெடுநாள் குடித்தவர் உடம்பில் இந்தச் சத்து வற்றிப் போயிருக்கும். அது தீர்ந்தால் நடை தள்ளாடும், கண் சரியாக நகராது, நினைவாற்றலே திரும்பாமல் போய்விடக்கூடும். பெரும்பாலும் ஒரு வாரத்தில் உடம்பின் கண்டம் தாண்டிவிடும்.

மருத்துவரிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். “எப்பவாவது கொஞ்சம்” என்று மானத்துக்குப் பயந்து மனைவியே சொல்லிவிடுகிறாள். தினமும் எத்தனை போத்தல், கடைசியாக எந்த நாள், எத்தனை மணிக்குக் குடித்தார் என்பதைச் சொன்னால்தான் மருந்தின் அளவைக் கணக்கிட முடியும்.

தாய்மார்களுக்கு இங்கே ஒரு எச்சரிக்கை. கணவருக்குத் தெரியாமல் சாம்பாரிலோ தேநீரிலோ கலந்து கொடுத்தால் குடியை மறந்துவிடுவார் என்று சொல்லி மாத்திரையும் பொடியும் விற்கிறார்கள். இவற்றில் சிலவற்றில் இருப்பது டைசல்ஃபிரம் என்னும் மருந்து. மருத்துவர் பார்வையில், குடிப்பவரே அறிந்து சம்மதித்துச் சாப்பிட வேண்டிய மருந்து அது. அதைச் சாப்பிட்டவர் மது குடித்தால் முகம் சிவந்து, வாந்தியெடுத்து, நெஞ்சு அடித்துக் கொண்டு, இரத்த அழுத்தம் இறங்கிவிடும். மாரடைப்பே வரலாம். தெரிந்து சாப்பிடுகிறவர் பயந்து குடிக்காமல் இருப்பார். தெரியாமல் சாப்பிட்டவர் வழக்கம் போலக் குடிப்பார். நல்லது செய்யப் போய்க் கொலைப் பழிக்கு ஆளாக வேண்டாம்.

இதுவரை குடியைச் சொன்னேன். நம் இளைஞர்கள் பக்கம் திரும்பினால் படம் வேறாக இருக்கிறது. தகப்பன் சம்சு குடிக்கிறான், மகனோ ஷாபு எடுக்கிறான். வடமாநிலங்களில் கெத்தும் இலையும் உண்டு. கெத்தும் மரத்தின் இலையை மென்று வெயிலில் வேலை செய்வது கம்பத்து மக்களின் பழைய வழக்கம். இன்றோ இலையைக் கொதிக்க வைத்து, இருமல் மருந்தையும் கோலாவையும் சேர்த்து, பிளாஸ்டிக் பையில் கட்டி விற்கிறார்கள். 1952ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டத்தின் கீழ் 2003 முதல் இதைக் கட்டுப்படுத்தி வருகிறார்கள். “இலைதானே” என்று பெற்றோர் அலட்சியமாக இருப்பதைப் பார்க்கிறேன். ஊமத்தையும் இலைதான்.

ஹெராயின் எடுக்கும் போதைப்பித்தர் அதை நிறுத்தினால், இரண்டு மூன்று நாட்கள் எலும்பெல்லாம் வலிக்கும், மூக்கு ஒழுகும், வாந்தியும் பேதியும் ஆகும். ஒரு வாரம் பத்து நாளில் அது அடங்கும். நீர் வற்றாமல் பார்த்துக் கொண்டால், குடியைப் போல உயிருக்கு ஆபத்து அவ்வளவு இல்லை. ஆபத்து இருப்பது பின்னால். சிறையிலோ மையத்திலோ பல மாதம் இருந்து வெளியே வந்தவரின் உடம்பு பழைய தாங்கும் சக்தியை இழந்திருக்கும். பழைய நண்பனைக் கண்டு பழைய அளவையே எடுத்துக் கொண்டால், மூச்சு நின்றுவிடும். ஆகவே மகன் வெளியே வரும் முதல் சில வாரங்களே மிகக் கவனமாக இருக்க வேண்டிய காலம். இதற்காகத்தான் 2005 முதல் அரசாங்கமே மெதடோன் சிகிச்சையைக் கொடுத்து வருகிறது. நாளுக்கு ஒரு முறை, பணியாளர் முன்னிலையில் குடிக்க வேண்டிய நீர் மருந்து அது. “ஒரு போதைக்கு இன்னொரு போதையா?” என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதுதான். ஆனால் அளவாக எடுக்கும் மெதடோன் மயக்கத்தைக் கொடுப்பதில்லை. ஏக்கத்தை அடக்குகிறது, அவ்வளவே. அதைக் குடித்துவிட்டு ஒருவர் வேலைக்குப் போகலாம், ஊசி போட வேண்டியதில்லை, வீட்டுச் சாமான் திருட வேண்டியதில்லை. இனிப்பு நீர் வியாதிக்காரர் ஆண்டுக்கணக்கில் மருந்து எடுப்பதை நாம் யாரும் ஏளனம் செய்வதில்லையே.

ஷாபுவுக்கு அப்படி ஈடான மருந்து கிடையாது. இரவு வேலைக்கும் லாரி ஓட்டத்துக்கும் கண் விழிக்க வேண்டும் என்றுதான் பலர் இதைத் தொடங்குகிறார்கள். இரண்டு மூன்று நாள் தூங்காமல் இருப்பார்கள், பிறகு அடித்துப் போட்டது போலத் தூங்குவார்கள். நாளாக ஆக யாரோ பின்தொடர்கிறார்கள் என்ற சந்தேகமும், காதில் குரல் கேட்பதும் வரும். அந்த நேரத்தில் அவரோடு வாதாடக்கூடாது. சின்னப் பிள்ளைகளை அப்புறப்படுத்திவிட்டு உதவிக்கு ஆளைக் கூப்பிட வேண்டும். நிறுத்தியபின் வரும் சோர்விலும் துக்கத்திலும் சிலர் உயிரை மாய்த்துக் கொள்ளவும் நினைப்பார்கள். தனியே விடாதீர்கள். இதற்குச் சிகிச்சை பேச்சுதான். ஆலோசகரோடு வாரந்தோறும் உட்கார்ந்து பேசும் பேச்சு.

போலீசுக்குப் போய்விடும் என்ற பயம்தான் பெற்றோரைத் தடுக்கிறது. இதைத் தெளிவாகச் சொல்கிறேன். 1983இல் வந்து பின்னர் திருத்தப்பட்ட புனர்வாழ்வுச் சட்டத்திலேயே, போதைப்பித்தர் தாமாக முன்வந்து சிகிச்சை கேட்க வழியுண்டு. வயது வராத பிள்ளைக்குப் பெற்றோரே விண்ணப்பிக்கலாம். ஏஏடிகே என்று சொல்லப்படும் தேசியப் போதைப்பொருள் தடுப்பு நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்துக்குப் போக வேண்டும். 2010 முதல் அந்த நிறுவனம் தாமாக வருபவர்களுக்கென்று சிகிச்சை நிலையங்களையும் நடத்தி வருகிறது. பிடிபட்டுப் போவதற்கும் தானாகப் போவதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உண்டு. குடிநோய்க்கு முதலில் அரசாங்கக் கிளினிக் போதும். குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் கட்டணம். அங்கிருந்து கடிதம் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். சுங்கை பட்டாணியில் அது சுல்தான் அப்துல் ஹலிம் மருத்துவமனை. அங்கே மனநல மருத்துவப் பிரிவும் இருக்கிறது. வலிப்போ பிதற்றலோ வந்துவிட்டால் கடிதத்துக்குக் காத்திராமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

பட்டணம் நம் பிள்ளைகளைக் கெடுத்துவிட்டது என்று தோட்டத்தில் பேசிக் கொள்கிறோம். முழு உண்மை அல்ல அது. யாரும் யாரையும் கவனிக்காத இடம் என்பதால் குடிக்க எளிது, சரி. அதே காரணத்தால் சிகிச்சைக்குப் போவதும் எளிது. லயத்தில் ஒருவர் மனநல மருத்துவரிடம் போனால், “பைத்தியமாம்” என்று பொழுது சாயுமுன் ஸ்டோர்வரை செய்தி போய்விடும். பட்டணத்தில் அந்த வரிசையில் உட்கார்ந்திருப்பவரை யாருக்கும் தெரியாது. தெரியாத மனிதர்கள் ஒன்றுகூடுவதிலும் ஒரு பலம் இருக்கிறது. 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், குடியை விட முடியாமல் தவித்த ஒரு பங்குச் சந்தைக்காரரும் ஒரு மருத்துவரும் சந்தித்துப் பேசினார்கள். ஒருவரிடம் ஒருவர் மனம் விட்டுப் பேசும்போது குடிக்காமல் இருக்க முடிகிறது என்று கண்டார்கள். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற குழு அப்படித்தான் பிறந்தது. இன்று நம் நாட்டிலும் அதன் கூட்டங்கள் நடக்கின்றன. சந்தா இல்லை, முழுப்பெயர் சொல்ல வேண்டியதில்லை. நூறு பேர் சொல்லும் புத்தியைவிட, அதே சேற்றில் கிடந்து எழுந்தவர் சொல்லும் ஒரு சொல் உள்ளே இறங்குகிறது.

உடம்பு தெளிவது ஒரு வாரம் என்றேன். மனம் தெளிய ஓராண்டு, இரண்டாண்டு ஆகும். இதற்கிடையில் பலர் ஒரு முறையாவது வழுக்கி விழுவார்கள். “பார்த்தாயா, நாய் வாலை நிமிர்த்த முடியுமா?” என்று அன்றைக்கே கைகழுவிவிடுகிறோம். காசநோய்க்காரர் மருந்தை விட்டு மீண்டும் இருமினால் நாம் இப்படிப் பேசுவோமா? விழுந்தவரை மறுநாளே கிளினிக்குக்கு அழைத்துப் போவதுதான் வழி. எந்த நாளில் விழுந்தார், யாரோடு இருந்தார் என்று கணக்கெடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் சம்பள நாளாக இருக்கும், சாவு வீடாக இருக்கும், அல்லது மனைவியோடு சண்டை போட்ட இரவாக இருக்கும். விரதக்காரருக்கு மாலை கழற்றிய மறுநாள். முன்கூட்டியே தெரிந்தால் அந்த நாளுக்கு ஏற்பாடு செய்யலாம். சம்பளத்தை வங்கியில் போடச் செய்து, மனைவியோ தாயோ எடுக்கும்படி அவரே சம்மதித்து ஏற்பாடு செய்வது பல குடும்பங்களில் பலன் தந்திருக்கிறது. அவரிடமிருந்து பிடுங்கினால் பலிக்காது.

வீட்டில் இருப்பவர்கள் அன்பினாலே செய்யும் சில காரியங்கள் நோயை வளர்த்துவிடுகின்றன. குடித்துப் படுத்திருப்பவருக்காக மண்டோரிடம் “அவருக்குக் காய்ச்சல்” என்று மனைவி சொல்லி அனுப்புகிறாள். கடையில் அவர் வைத்த பாக்கியைத் தாய் நகையை அடகு வைத்து அடைக்கிறாள். உடைத்த சாமானைப் பிள்ளைகள் விடிவதற்குள் கூட்டிப் பெருக்கிவிடுகிறார்கள். காலையில் எழுந்தவருக்கு ஒன்றுமே நடக்காதது போல இருக்கிறது! அவருடைய பாக்கி அவருக்கே இருக்கட்டும். போதையில் இருக்கும்போது வாதாட வேண்டாம். தெளிந்திருக்கும் காலை நேரத்தில், பழித்துப் பேசாமல், நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். அடித்தால் மட்டும் பொறுத்துக் கொண்டிருக்காதீர்கள். குடிநோய் என்பதற்காக அடி வாங்க வேண்டிய கடமை எந்தப் பெண்ணுக்கும் கிடையாது. பக்கத்து வீட்டுக்கோ அண்ணன் வீட்டுக்கோ பிள்ளைகளோடு போய்விடுங்கள், போலீசில் புகார் கொடுங்கள்.

பிள்ளைகளைப் பற்றி ஓர் ஆசிரியராக ஒன்று சொல்கிறேன். சம்பளம் போட்ட மறுநாள் எங்கள் வகுப்பில் யார் தூங்கி வழிகிறார்கள் என்று பார்த்தாலே, எந்த வீட்டில் இரவு சண்டை நடந்தது என்று தெரிந்துவிடும். பிள்ளையைக் கடைக்கு அனுப்பிப் போத்தல் வாங்கி வரச் சொல்லாதீர்கள். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, அது ஒரு நோய், அதற்கு மருந்து எடுக்கப் போகிறார், உன்னால் அவர் குடிக்கவில்லை என்று பிள்ளைக்குப் புரிகிற மொழியில் சொல்லுங்கள். “நான் நன்றாகப் படித்திருந்தால் அப்பா குடித்திருக்க மாட்டார்” என்று நம்பிக் கொண்டிருக்கும் பிள்ளைகள் நாம் நினைப்பதைவிட அதிகம். வகுப்பாசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைத்தால் அவர் பிரம்பைக் கீழே வைத்துவிடுவார்.

கிளினிக்குக்குப் போக முடிவு செய்துவிட்டால், திங்கட்கிழமைக்காகக் காத்திருக்க வேண்டாம். அவர் சம்மதித்த நாளே நல்ல நாள். போகும் வழியில் உடம்பு நடுங்கினால், தனியே மோட்டார் சைக்கிளில் அனுப்பாமல் கூட ஒருவர் போங்கள். அடையாளக் கார்டை எடுத்துக் கொள்ளுங்கள். வேறு நோய்களுக்கு மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் அந்த மாத்திரைப் பையையும் அப்படியே எடுத்துப் போய் மேசையில் வையுங்கள். மருத்துவமனையில் சேர்த்துக் கொண்டால், மருத்துவச் சான்றிதழை வாங்கி வந்து தோட்ட அலுவலகத்தில் கிராணியிடம் கொடுத்துவிட வேண்டும். அந்த நாட்களுக்கு மருத்துவ விடுப்பு உண்டு; அதில் என்ன நோய் என்று கிராணிக்கு நீங்கள் விளக்க வேண்டியதில்லை.